உயர்தரத்துக்குப் பிறகு எந்தச் சோதனை? சட்டம் படிக்க ஆசைப்பட்ட ஒரு மல்லாவிப் பிள்ளையின் அனுபவம்

உயர்தரப் பெறுபேறு கையில் வந்த பிறகு எந்தப் பரீட்சைக்குப் போவது, எதை விடுவது என்று தெரியாமல் நிற்கிற வன்னிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, சட்டம் படிக்க வேண்டும் என்று நினைக்கிற கலைப்பிரிவுப் பிள்ளைகள் கட்டாயம் வாசிக்க வேண்டும். எனக்கு இதில் போனது இரண்டரை வருஷம். காசாகப் பார்த்தால் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். வவுனிக்குளத்துத் தண்ணியில் செய்கிற கொஞ்ச வயலும், மேட்டுக் காணியில் போடுகிற கச்சானும்தான் எங்கள் வீட்டு வருமானம், அதனால் அந்தக் காசு எங்களுக்குப் பெரிய காசு. எங்கள் குடும்பத்தில் எனக்கு முதல் ஒருவரும் கம்பஸ் போனதில்லை. விஷயம் தெரிந்த ஓராள் பக்கத்தில் இருந்து சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது என்ற கோபம் இன்னும் எனக்குள் கிடக்கிறது.

சட்டம் என்ற ஆசை எனக்குச் சின்ன வயசிலேயே வந்தது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது காணி உறுதி எங்கள் கையில் இல்லை. அதற்காக அப்பா முல்லைத்தீவு நீதிமன்ற வளவுக்கு அலைந்த காலத்தில் சில நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வழக்கு என்ன நிலையில் நிற்கிறது என்று அவருக்கு விளங்குகிற மாதிரி ஒருவரும் சொல்லவில்லை. மரத்துக்குக் கீழே பைலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் சட்டத்தரணியாக வந்தால் இப்படி நிற்கிறவர்களுக்கு முதலில் விளக்கம் சொல்வேன் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன். உயர்தரத்துக்குத் தமிழ், அரசியல் விஞ்ஞானம், புவியியல் எடுத்தேன். எங்களுடையது 2021ஆம் ஆண்டுப் பரீட்சை. கொரோனாவால் தள்ளிப் போய் 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. பெறுபேறு ஓகஸ்ட் கடைசியில் வந்தது. இரண்டு பி, ஒரு சி.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் அந்தப் பெறுபேற்றுக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று சொல்ல ஆள் இல்லை. எங்கள் ஊரில் ஏ எத்தனை, பி எத்தனை என்றுதான் எண்ணுவார்கள். பல்கலைக்கழகம் அதை எண்ணுவதில்லை, இசட் புள்ளியைத்தான் பார்க்கிறது. ஒரே மாதிரி இரண்டு பி, ஒரு சி எடுத்த இரண்டு பிள்ளைகளுக்கு இசட் புள்ளி வேறு வேறாக இருக்கும். என்ன பாடம், அந்த வருஷம் அந்தப் பாடத்தை எழுதியவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். அந்தப் புள்ளியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் முந்திய வருஷ வெட்டுப்புள்ளியோடு, அதாவது அந்தப் படிப்புக்குக் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் புள்ளியோடு, வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அந்தக் கைந்நூல் தமிழிலும் வருகிறது. இணையத்திலும் இறக்கலாம். எனக்கு அப்படி ஒரு புத்தகம் இருப்பதே அடுத்த வருஷம்தான் தெரிய வந்தது.

மாவட்டக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில்தான் எங்கள் ஆட்கள் நிறையக் குழம்புகிறார்கள். தேர்தலுக்கு வன்னி என்று முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு அப்படி இல்லை. கிளிநொச்சியோடு நாலும் நாலு தனி மாவட்டங்கள், நாலுக்கும் வேறு வேறு வெட்டுப்புள்ளி. பொதுவாக ஒரு கற்கைநெறியின் இடங்களில் 40 வீதம் முழு இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. எங்கள் நாலு மாவட்டங்களும் அந்த 16க்குள் இருக்கின்றன. நீங்கள் எந்த மாவட்டம் என்பது அடையாள அட்டை விலாசத்தால் தீர்மானிக்கப்படுவதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருஷம் எங்கே படித்தீர்கள் என்பதைப் பார்ப்பார்கள். நல்ல பள்ளிக்கூடம் என்று நம்பி ஓ.எல். (சாதாரண தரம்) முடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற பெற்றோர் தயவுசெய்து கைந்நூலில் அந்தப் பகுதியை முதலில் வாசியுங்கள். படிப்பு நல்லதாக இருக்கலாம், போட்டி போடுகிற மாவட்டமும் அதோடு மாறலாம். நான் மல்லாவியிலேயே படித்ததால் எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. என்னோடு ஓ.எல். வரை படித்த ஒருத்திக்கு வந்தது.

என் புள்ளிக்குச் சட்டம் கிடைக்காது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் சொன்னா. அதோடு எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, “பிள்ளை, இன்னொருக்கா எடு. இரண்டாந்தரம் எடுத்தா உனக்குக் கட்டாயம் லோ வரும்.” அடுத்த பரீட்சை 2023 ஜனவரி. பெறுபேறு வந்து ஐந்து மாதம்கூட இல்லை. ஊரில் இருந்து படித்தால் காணாது என்று யாழ்ப்பாணத்தில் போர்டிங்கில் நிற்க முடிவானது. பசளை இல்லாமல் அந்தக் காலபோகம் விளைச்சல் படுத்திருந்தது. அரிசியும் மாவும் எண்ணெயும் நாளுக்கு நாள் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். அம்மா தன் சங்கிலியை வங்கியில் அடகு வைத்தா. போர்டிங்குக்குச் சாப்பாட்டோடு மாதம் 16,000. மூன்று பாட வகுப்புக்கும் கடைசி நேரக் கருத்தரங்குகளுக்குமாக மாதம் 7,000 மட்டில். நோட்ஸ், போட்டோகொப்பி, பஸ் எல்லாம் புறம்பு.

அந்த மாதங்களைப் பற்றி மனசைத் திறந்து சொல்கிறேன். நான் படித்ததைவிட அழுததுதான் கூட. ஒரு வகுப்பில் நூற்றுக்கு மேல் பிள்ளைகள். சேருக்கு என் பெயர் தெரியாது. போர்டிங்கில் என்னோடு இருந்த இரண்டு பேரும் முதல்தரம் எடுக்கிற பிள்ளைகள், நான் மட்டும்தான் திரும்ப எடுக்கிறவள். இரவில் அம்மாவுக்குப் போன் எடுத்தால் சங்கிலி ஞாபகம் வரும், அதனாலேயே எடுக்காமல் விடுவேன். வகுப்பில் கிடைத்த பெரும்பாலான நோட்ஸ் மல்லாவியில் எங்கள் சேர் தந்தவற்றோடு பெரிய வித்தியாசம் இல்லாதவை. எனக்கு உண்மையில் குறைவாக இருந்தது கட்டுரை விடை எழுதிப் பழகுவது. விடை எழுதிக் கொடுத்தால் திருத்தித் தர ஓராள் ஊரில் கிடைத்திருந்தாலே போதும். இரண்டாந்தரம் எடுக்கிறவர்கள் எந்த வகுப்புக்கும் காசு கட்டுமுன், முதல்தரம் எந்தப் பாடம், எந்தப் பகுதி புள்ளியைக் குறைத்தது என்று எழுதி வைத்துக்கொண்டு அதற்கு மட்டும் உதவி தேடுங்கள். மூன்று பாடத்தையும் முதலில் இருந்து படிக்க ஐந்து மாதம் காணாது. ஒரு தடவையில் எடுத்த நல்ல பாடத்தையும் மற்றத் தடவையில் எடுத்த நல்ல பாடத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவும் முடியாது, இசட் புள்ளி ஒரே தடவையில் எழுதிய மூன்று பாடத்துக்குத்தான்.

இதற்கிடையில் முதல் பெறுபேற்றுக்குக் கலைப்பீடம் ஒன்றுக்குத் தெரிவு வந்தது. வீட்டில் இருந்து நெடுந்தூரம். போவதா விடுவதா என்று கேட்டபோது, “ஆர்ட்ஸுக்குப் போய் என்ன செய்யப் போறாய்? வேலை இல்லாப் பட்டதாரியாகத்தான் வருவாய். லோவுக்கு எடு” என்று உறவில் மூன்று பேர் சொன்னார்கள். அவர்களில் ஒருவரும் பல்கலைக்கழகம் போனவர் இல்லை. நான் போகவில்லை. கலைப்பட்டத்தை நான் தாழ்வாக நினைக்கவில்லை, அதை எடுத்து ஆசிரியராகவும் நிர்வாக சேவையிலும் இருக்கிறவர்களை எங்கள் பிரதேச செயலகத்திலேயே பார்க்கிறேன். இங்கே சொல்ல வேண்டியது வேறொன்று. ஒரு கற்கைநெறிக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டால், பிறகு வேறு தடவைப் பெறுபேற்றை வைத்துத் திரும்ப விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ‘போய்ப் பார்ப்பம், சரிவராட்டி விட்டிட்டு வருவம்’ என்று சொல்கிறவர்களுக்கு இது தெரியாது. பதிவுக்கு முதல் அந்த விதியை உங்கள் கண்ணால் வாசியுங்கள், மற்றவர் சொல்லைக் கேட்டு எடுக்கிற முடிவில்லை இது. உயர்தரம் மூன்று தடவைக்கு மேல் பல்கலைக்கழக அனுமதிக்குச் செல்லாது என்பதையும் மனசில் வையுங்கள்.

இரண்டாந்தரம் எழுதி முடித்தது 2023 பெப்ரவரியில். பெறுபேறு வந்தது செப்டெம்பரில். அந்த ஏழு மாதம் இருக்கிறதே, அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கொடுமையான காலம். கோயிலுக்குப் போனால் “என்ன பிள்ளை, கம்பஸ் வந்ததோ?”, கடைக்குப் போனால் “அப்ப இனி என்ன செய்யப் போறாய்?” கலியாணப் பேச்சும் ஒன்று வந்து போனது. அப்பாதான் “அவள் படிக்கட்டும்” என்று ஒரே சொல்லில் நிறுத்தினார். அந்த நேரம் பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் பார்த்தேன், சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமை வகுப்பு என்று. சட்டம் படிக்க கம்பஸ் இல்லாமல் இன்னொரு வழி இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முழுக் கட்டணமும் முதலிலேயே, 30,000. அப்பா கச்சான் விற்ற காசில் தந்தார். விடிய முதல் பஸ்ஸில் மல்லாவியில் ஏறி மாங்குளம் வந்து, ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போய், பின்னேரம் வகுப்பு முடிந்து வீடு வர இரவாகிவிடும். பஸ் நிற்கிற இடத்தில் அப்பா சைக்கிளோடு காத்துக்கொண்டு நிற்பார்.

வகுப்பு மோசமென்று சொல்லமாட்டேன். பொது அறிவும் நுண்ணறிவும் ஒரு வினாத்தாள், மொழி இன்னொரு வினாத்தாள். இரண்டுக்கும் நன்றாகத்தான் பயிற்சி தந்தார்கள். எனக்கு நுண்ணறிவுக் கேள்விகள் பிடித்துப் போய்விட்டன, பஸ்ஸில் வரும்போதும் செய்துகொண்டு வருவேன். பரீட்சை அறிவித்தல் வந்து விண்ணப்பத்தை நிரப்ப இருந்தபோதுதான் தகைமைப் பகுதியை வாசித்தேன். சாதாரண தரத்தில் தமிழ் அல்லது சிங்களத்தோடு ஆங்கிலத்திலும் திறமைச் சித்தி வேண்டும், அதாவது குறைந்தது சி. எனக்கு ஓ.எல். ஆங்கிலத்தில் எஸ், அது சிக்குக் கீழே உள்ள வெறும் சித்தி. வகுப்பு நடத்தியவரிடம் போய்க் கேட்டேன். “அதை நீங்கள்தான் பார்த்திருக்க வேணும் தங்கச்சி” என்றார். காசு வாங்கும்போது அடையாள அட்டைப் பிரதி கேட்டவர்கள் ஓ.எல். பெறுபேற்றுத் தாளை ஒருநாளும் கேட்கவில்லை. என்னோடு அந்த வகுப்பில் இருந்த கிளிநொச்சிப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அதே நிலைமைதான். எங்கள் பகுதியில் ஆங்கில ஆசிரியர் இல்லாத வருஷங்கள் எத்தனை இருந்தன என்று எங்களுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட இடத்துப் பிள்ளைகளிடம் காசை வாங்கி வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு அநியாயமாகவே படுகிறது. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாங்குளம் வரைக்கும் அழுதேன்.

ஒரு பரீட்சையைப் பற்றிக் கேள்விப்பட்டால் வகுப்பைத் தேடுமுன் அறிவித்தலைத் தேடுங்கள். இந்த வருஷ அறிவித்தல் வரவில்லை என்றால் போன வருஷத்தை எடுங்கள். அதில் தகைமைப் பகுதியை முதலில் வாசியுங்கள். ஓ.எல். பாடம் எது எது கேட்கிறார்கள், எந்தத் தரம், ஒரே தடவையில் எடுத்ததாக இருக்க வேண்டுமா, வயசெல்லை உண்டா, எந்த மொழியில் எழுதலாம், எங்கே போய் எழுத வேண்டும். அடுத்ததாக, அந்தப் பரீட்சையில் சித்தியடைந்தால் நேரே என்ன கிடைக்கும் என்று பாருங்கள். சில பரீட்சை அனுமதியைக் கையில் தரும். சில பரீட்சை விண்ணப்பிக்கிற தகுதியை மட்டும்தான் தரும்.

இந்த இரண்டாவது வகைக்கு என் மச்சாளின் கதையைச் சொல்ல வேண்டும். அவள் ஒட்டுசுட்டானில் இருக்கிறாள், நன்றாகச் சித்திரம் கீறுவாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்க ஆசை. அதற்கு உளச்சார்புப் பரீட்சை, அதாவது அந்தத் துறைக்கு உங்களுக்குத் திறமை இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை, உண்டு. சங்கீதம், நடனம் போன்றவற்றுக்கும் உண்டு. மொறட்டுவையில் கட்டடக்கலைக்கும் உண்டு, அதனால் கணிதப்பிரிவுப் பிள்ளைகளும் இதைக் கவனியுங்கள். இந்தப் பரீட்சைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆணைக்குழுவுக்கு அனுப்புகிற விண்ணப்பம் இதற்குச் செல்லாது. அவள் ஆணைக்குழு விண்ணப்பத்தில் அந்தக் கற்கைநெறியை முதல் விருப்பமாகப் போட்டுவிட்டு, சோதனைக்குக் கூப்பிடுவார்கள் என்று வீட்டில் காத்துக்கொண்டிருந்தாள். தனி விண்ணப்பத்தின் முடிவுத் திகதி அதற்குள் போய்விட்டது. மற்றப் பக்கமாகவும் நடக்கும். உளச்சார்புப் பரீட்சையில் சித்தியடைந்தாலும் ஆணைக்குழு விண்ணப்பத்தில் அந்தக் கற்கைநெறியின் குறியீட்டைப் போடவில்லை என்றால் இடம் வராது, போட்டாலும் கடைசியில் இசட் புள்ளிதான் தீர்மானிக்கும். அவள் இப்போது கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டு இருக்கிறாள். சித்திரம் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியராக வந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

அழுது முடித்த பிறகு செய்த நல்ல காரியம், கிளிநொச்சியில் ஒரு புத்தகக் கடையில் கைந்நூலை வாங்கியது. வீட்டுத் திண்ணையில் இருந்து மூன்று நாள் வாசித்தேன். அதோடு போனில் தேடித் தேடி, இலங்கையில் சட்டத்தரணியாக வருவதற்கு உள்ள வழிகளை ஒரு கொப்பியில் எழுதினேன். முதலாவது, உயர்தர இசட் புள்ளியால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் பல்கலைக்கழகங்களில் சட்டப் பட்டம். நாலு வருஷம், இலவசக் கல்வி. இரண்டாவது, கொழும்பு புதுக்கடையில் இருக்கிற சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை எழுதிப் போவது. அங்கே மூன்று வருஷம், பிறகு பயிலுநராக வேலை பழக வேண்டும். மூன்றாவது, திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம். அதற்குத் தெரிவுப் பரீட்சை ஒன்று தனியாக நடத்துகிறார்கள், இசட் புள்ளியும் மாவட்டமும் கேட்பதில்லை. இவற்றில் எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது, சட்டப் பட்டம் எடுத்தவர்கள் பிறகு நுழைவுப் பரீட்சை இல்லாமலே சட்டக் கல்லூரியில் பதிந்து அங்கத்தைய இறுதிப் பரீட்சைகளை எழுதலாம் என்பது. எந்த வழியால் போனாலும் கடைசியில் சட்டக் கல்லூரியைக் கடந்துதான் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்ய முடியும். ஆகவே எந்த நுழைவுப் பரீட்சை எழுதுவது என்ற கேள்வி, சட்டக் கல்லூரிக்குள் முதலிலேயே போவதா பிறகு போவதா என்ற கேள்வியாகத்தான் எனக்கு மாறியது.

செப்டெம்பரில் இரண்டாந்தரப் பெறுபேறு வந்தது. ஒரு ஏ, ஒரு பி, ஒரு சி. ஊரில் எல்லோரும் முன்னேற்றம் என்றார்கள். நான் கைந்நூலைத் திறந்து முல்லைத்தீவுக்கான சட்ட வெட்டுப்புள்ளியைப் பார்த்தேன். எட்டவில்லை. திரும்பவும் அதே குரல்கள், “இன்னொருதரம் மிச்சம் இருக்குத்தானே.” அடுத்த பரீட்சை 2024 ஜனவரி, கையில் இருப்பது நாலு மாதம். இந்த முறை நான் ஒருவரிடமும் கேட்காமல் கணக்குப் பார்த்தேன். ஐந்து மாதம் யாழ்ப்பாணத்தில் நின்று, சங்கிலியை வைத்து, நான் கூட்டிய புள்ளி எவ்வளவு? இன்னும் வேண்டியது எவ்வளவு? வேண்டியது கூட்டியதைவிடப் பெரிது. நேரமோ அதைவிடக் குறைவு. அம்மா வட்டி கட்டிக்கொண்டிருந்தா. மூன்றாந்தரம் எடுக்கவில்லை என்று சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பா “நீ வாசிச்சுத்தானே சொல்லுறாய், அப்ப சரி” என்றார். அந்தச் சொல் எனக்குத் தந்த தைரியம் பெரிது. மூன்றாந்தரம் எடுத்து வென்றவர்களும் இருக்கிறார்கள், எல்லோரையும் விடச் சொல்லி நான் சொல்லவில்லை. வெட்டுப்புள்ளிக்கு மிகக் கிட்ட நிற்கிறவர்கள், ஒரு பாடத்தில் மட்டும் சறுக்கியவர்கள் எடுக்கத்தான் வேண்டும். உங்கள் இரண்டு இசட் புள்ளியையும் உங்கள் மாவட்டத்தின் கடைசி இரண்டு மூன்று வருஷ வெட்டுப்புள்ளியையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

எந்தச் சட்டப் படிப்புக்குப் போனாலும் ஆங்கிலம் என்னைத் துரத்தப் போகிறது என்று தெரிந்துவிட்டது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒரு விதியை 2023 மார்ச்சில்தான் பாராளுமன்றம் நிராகரித்திருந்தது. இன்றைக்கு அது இல்லை என்றாலும் வழக்குத் தீர்ப்புகளும் சட்டப் புத்தகங்களும் ஆங்கிலத்தில்தான் கிடக்கின்றன. அதனால் ஓ.எல். ஆங்கிலத்தை மட்டும் தனியார் பரீட்சார்த்தியாகத் திரும்ப எடுக்க விண்ணப்பித்தேன். ஒரு பாடத்தை மட்டும் அப்படி எடுக்கலாம் என்பதும் நிறையப் பேருக்குத் தெரியாது. ஊரிலேயே ஓய்வுபெற்ற ஒரு ஆங்கில ரீச்சர் இருக்கிறா. அவவின் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது “காசு வேண்டாம், ஒவ்வொரு நாளும் வா” என்றா. யாழ்ப்பாணத்துக்கும் போர்டிங்குக்கும் செலவழித்தவளுக்கு, தேவையான உதவி நாலு ஒழுங்கைக்கு அப்பால் இருந்திருக்கிறது. 2024 மே மாதம் பதினாறு வயசுப் பிள்ளைகளோடு மண்டபத்தில் இருந்து எழுதினேன். முதல் கொஞ்ச நேரம் கூச்சமாக இருந்தது, வினாத்தாள் வந்த பிறகு மறந்துவிட்டேன். செப்டெம்பர் கடைசியில் பெறுபேறு, சி.

இனி சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையும் எழுதலாம், திறந்த பல்கலைக்கழகத் தெரிவுப் பரீட்சையும் எழுதலாம். இரண்டில் ஒன்றை நல்லது என்றும் மற்றதைக் கெட்டது என்றும் நான் சொல்லமாட்டேன். காசும் இடமும் வசதியாக இருக்கிறவர்களுக்குச் சட்டக் கல்லூரிதான் குறுகிய வழி. கொழும்பில் சொந்தக்காரர் வீடு இருந்தால், மூன்று வருஷம் செலவுக்கு ஆள் இருந்தால், அங்கே போங்கள். எங்களுக்கு வெள்ளவத்தையில் ஒரு அறை வாடகையே வயலின் ஒரு போகத்தை விழுங்கிவிடும். திறந்த பல்கலைக்கழகம் இலவசம் இல்லை, ஒவ்வொரு வருஷமும் கட்டணம் கட்ட வேண்டும். இதை முதலே விளங்கிக்கொள்ளுங்கள், அரச பல்கலைக்கழகம் என்றதும் காசில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் வீட்டில் இருந்தே படிக்கலாம், கிழமை நாட்களில் வேலை செய்யலாம், பட்டம் எடுத்த பிறகு சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை இல்லாமல் போகலாம். காலம் கூடும், மாதச் செலவு குறையும். எங்கள் வீட்டு நிலைமைக்கு இந்தக் கணக்குத்தான் சரிவந்தது. நுழைவுப் பரீட்சை வகுப்புக்குக் கட்டிய 30,000உம் முழுக்க வீணாகவில்லை, அங்கே பழகிய நுண்ணறிவுக் கேள்விகள் தெரிவுப் பரீட்சைக்கு உதவின. மற்றபடி எந்த வகுப்புக்கும் போகவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு ஆசிரியர் தலையங்கத்தை வாசித்து, அதன் சாரத்தை என் சொல்லில் எழுதுவேன். ரீச்சர் திருத்தித் தருவா.

தெரிவாகி இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். மல்லாவியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், அந்தச் சம்பளத்தில் கட்டணத்தைத் தவணையாகக் கட்டுகிறேன். வகுப்புக்கு யாழ்ப்பாணம் போக வேண்டிய நாட்களில் முதலாளி லீவு தருவார். சங்கிலி இன்னும் மீளவில்லை.

பெறுபேற்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று. அந்த மாதங்களில்தான் மற்றப் பரீட்சைகளின் அறிவித்தல்கள் வருகின்றன, முடிவுத் திகதிகளும் போகின்றன. பெறுபேறு வரட்டும் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். சட்டம் உங்கள் விருப்பமாக இல்லாவிட்டாலும் இது பொருந்தும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற ஜேர்மன் ரெக்கில் தொழிற்பயிற்சி எடுத்து, என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) மட்டம் 5, 6 முடித்து, அதற்கு மேலே பட்டத்துக்குப் போகிற வழியும் இருக்கிறது. ஓ.எல். பெறுபேற்றுத் தாளின் உறுதிப்படுத்திய பிரதியையும் பிறப்புச் சான்றிதழையும் இப்போதே எடுத்து ஒரு பைலில் வையுங்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களில் பிறப்புச் சான்றிதழ் எடுக்கவே சிலவேளை மாதக்கணக்காகும், எங்கள் ஊரில் ஒரு தம்பிக்கு விண்ணப்ப முடிவுத் திகதிக்கு அடுத்த கிழமைதான் அது கையில் கிடைத்தது.